திரை பார்த்துச் சுக்கான் பிடித்தல்: யாழ்ப்பாணக் கடலில் ஜிபிஎஸ் கருவி பயன்படுத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணக் கரையிலிருந்து தொழிலுக்குப் போகும் படகுகள் பலவற்றிலும், தீவுகளுக்கு ஆட்களை ஏற்றும் படகுகள் சிலவற்றிலும் இப்போது ஜிபிஎஸ் கருவியோ வரைபடத் திரையோ பொருத்தப்பட்டிருக்கிறது. கருவியை இயக்கப் பழகுவது ஒரு நாள் வேலை. அதில் தெரியும் எண்களைக் கொண்டு, காற்றும் நீரோட்டமும் இழுக்கும் கடலில் படகை ஒரு கோட்டில் வைத்திருப்பது வேறு வேலை. கீழேயுள்ள கேள்விகள் இரண்டாவதைப் பற்றியவை. கருவிக்குக் கருவி பொத்தான்களின் பெயர்கள் மாறலாம். எண்களின் பொருள் மாறாது.

திரையில் ஒரே வேளையில் மூன்று, நான்கு பாகை எண்கள் தெரிகின்றன. எதைப் பார்த்து ஓட்டுவது?

எச்.டி.ஜி. என்று காட்டப்படுவது அணியம், அதாவது படகின் முன்முனை, பார்த்து நிற்கும் திசை. சி.ஓ.ஜி. என்பது காற்றும் நீரோட்டமும் தள்ளியது போக, படகு உண்மையில் நகர்ந்துகொண்டிருக்கும் திசை. பி.ஆர்.ஜி. என்பது படகு இப்போது நிற்கும் இடத்திலிருந்து பார்க்க, நீங்கள் தெரிவு செய்த வழிப்புள்ளி, அதாவது துறைகளில் ‘பொயின்ற்’ என்று சொல்லப்படுவது, இருக்கும் திசை. இவற்றோடு, புறப்பட்ட புள்ளிக்கும் சேரும் புள்ளிக்கும் இடையே கீறப்பட்ட கோட்டின் திசையையும் சில கருவிகள் தனியாகக் காட்டும். அந்த எண் மட்டும் பயணம் முடியும்வரை மாறாது.

ஓட்டுபவர் ஒப்பிட வேண்டியவை சி.ஓ.ஜி.யும் பி.ஆர்.ஜி.யும் ஆகும். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தால், அணியம் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும், படகு குறித்த இடத்துக்கு நேராகவே போகிறது. பல ஆண்டுகள் கடலில் நின்றவர்களுக்கும் இதை ஏற்பது முதலில் கடினமாக இருக்கும். அணியம் போகும் இடத்தைப் பாராமல் நிற்கும்போது வழி தவறிவிட்டதாகவே மனம் சொல்லும்.

மலிவான கைக்கருவிகளில் பெரும்பாலும் திசையுணரி இருப்பதில்லை. அவை ‘ஹெடிங்’ என்ற பெயரில் ஓர் எண்ணைக் காட்டினாலும் அது சி.ஓ.ஜி.தான். படகு ஓடாமல் மிதக்கும்போதும், ஒரு நொட்டுக்கும், அதாவது மணித்தியாலத்துக்கு ஒரு கடல் மைலுக்கும், குறைவாக ஊரும்போதும் அந்த எண் தாறுமாறாகச் சுழலும். அதைப் பழுதென்று எண்ணிக் கருவியைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. கருவி அறிவது படகின் அசைவை. அசைவு இல்லாதபோது அதற்குத் திசையும் இல்லை.

அந்த இரண்டு எண்களையும் சமமாக்கச் சுக்கானை எவ்வாறு கையாள வேண்டும்?

மயிலிட்டியிலிருந்து நேர் வடக்கே 12 கடல் மைல் தொலைவிலுள்ள ஒரு புள்ளிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு சேர்ந்து வங்காள விரிகுடாவின் நீர் பாக்கு நீரிணைக்குள் மேற்காகவும் தென்மேற்காகவும் இழுக்கும். கணக்கின் எளிமைக்காகப் படகின் வேகம் 6 நொட் என்றும், இழுவை நேர் மேற்காக 1.5 நொட் என்றும் கொள்வோம்.

அணியத்தை 000 பாகையில் வைத்து ஓட்டினால் சி.ஓ.ஜி. ஏறத்தாழ 346 என்று நிற்கும். பி.ஆர்.ஜி. தொடக்கத்தில் 000 ஆக இருந்து, அரை மணித்தியாலத்தில் 005 ஆகவும் ஒரு மணித்தியாலத்தில் 014 ஆகவும் ஏறியிருக்கும். அந்நேரத்தில் படகு கோட்டிலிருந்து ஒன்றரைக் கடல் மைல், அதாவது ஏறத்தாழ 2.8 கிலோமீற்றர், மேற்கே போய்விட்டது. எண்கள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போவதுதான் இழுவையின் அடையாளம்.

இப்போது அணியத்தைக் கிழக்காக 010க்குத் திருப்பி, இரண்டு நிமிடம் அதே திசையில் உறுதியாகப் பிடித்தபின் திரையைப் பாருங்கள். சி.ஓ.ஜி. 356 அளவுக்கு வந்திருக்கும். இன்னும் நான்கைந்து பாகை கொடுத்து 014, 015 அளவில் பிடித்தால் சி.ஓ.ஜி. 000 ஆகிவிடும், வேகத்தைக் காட்டும் எஸ்.ஓ.ஜி. 6.2 இலிருந்து 5.8 ஆகக் குறைந்திருக்கும். இந்த 14 பாகை என்ற அளவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கத் தேவையில்லை. இழுவையின் வேகமும் திசையும் தெரியாமலே, திருப்பி, பிடித்து, பார்த்து, மீண்டும் சற்றுத் திருப்பி அந்த அளவைக் கண்டுபிடிக்க முடிவதுதான் இக்கருவி தரும் மிகப் பெரிய நன்மை என்று சொல்வேன். திருத்தத்தைப் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே செய்தால் கோட்டை விட்டு விலகவே வேண்டியிராது. ஒரு மணித்தியாலம் கழித்துச் செய்தால், இருக்கும் இடத்திலிருந்து புதிய பி.ஆர்.ஜி.க்கு ஏற்றவாறு இன்னும் பெரிய கோணம் கொடுக்க வேண்டிவரும்.

திருத்தம் செய்யாமல், அணியத்தை மட்டும் எப்போதும் பி.ஆர்.ஜி. காட்டும் திசையில் வைத்து ஓட்டினாலும் படகு இறுதியில் புள்ளியை அடையும். ஆனால் அது ஒரு வளைவாகப் போய், கடைசிப் பகுதியில் இழுவைக்கு எதிராக முட்டிக்கொண்டு சேரும். எண்ணெய் கூடுதலாகச் செலவாகும் என்பதைவிட, அந்த வளைவு எந்த நீரின் மேலாகப் போகிறது என்பதை எவரும் முன்பே பார்த்து வைத்திருக்கவில்லை என்பதே கவலைக்குரியது.

திரையிலுள்ள அம்பை நேராக வைத்துக்கொண்டே ஓட்டுகிறேன். ஆனாலும் ஓடிவந்த தடம் பாம்பு ஊர்ந்ததுபோல் வளைந்து வளைந்து பதிகிறதே, ஏன்?

திரை காட்டுவது சில வினாடிகளுக்கு முன் நடந்ததை. எண்கள் துள்ளாமல் இருப்பதற்காகக் கருவி முந்தைய அளவீடுகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. நீங்கள் சுக்கானைத் திருப்புகிறீர்கள், அம்பு அசையவில்லை, போதவில்லையென்று இன்னும் திருப்புகிறீர்கள், அதற்குள் படகு தேவையானதைவிட அதிகம் திரும்பிவிடுகிறது. பிறகு அம்பு மறுபக்கம் பாய, நீங்களும் மறுபக்கம் திருப்புகிறீர்கள்.

இதற்கு மருந்து திரையை விட்டுக் கண்ணை எடுப்பதுதான். சி.ஓ.ஜி. சரியாக இருக்கும் ஒரு கணத்தில் திசைகாட்டி என்ன காட்டுகிறது என்று பார்த்து, அந்த எண்ணைப் பிடித்து ஓட்டுங்கள். பகலில் தொலைவிலுள்ள ஒரு முகிலோ கரையிலுள்ள பனைக்கூடலோ கோயிற் கோபுரமோ, இரவில் அணியத்துக்கு நேரே நிற்கும் ஒரு நட்சத்திரமோ உதவும். நட்சத்திரம் நகரும் என்பதால் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை வேறொன்றைத் தெரிவு செய்ய வேண்டும். திரையை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, தேவையானால் திசைகாட்டியில் இரண்டு மூன்று பாகை மாற்றினாற் போதும். சுக்கானைப் பிடிப்பது கண்ணும் கையும். திரை செய்வது மேற்பார்வை.

எக்ஸ்.ரி.ஈ. என்ற எண் எதைச் சொல்கிறது? அது எவ்வளவு வரை போகலாம்?

கீறிய கோட்டிலிருந்து படகு வலமாகவோ இடமாகவோ எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதை அது சொல்கிறது. பெரும்பாலான கருவிகள் இதை ஒரு பாதைபோலப் படமாகவும் காட்டும். அந்தப் பாதையின் அகலம் எவ்வளவு என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு கருவியில் பாதையின் ஓரம் கால் கடல் மைலைக் குறிக்கலாம். இன்னொன்றில் ஒரு முழுக் கடல் மைலைக் குறிக்கலாம். படம் இரண்டிலும் ஒரேமாதிரித்தான் இருக்கும்.

எவ்வளவு வரை போகலாம் என்பதற்கு இடமே விடை. மயிலிட்டிக்கு வடக்கே திறந்த கடலில் அரைக் கடல் மைல் விலகுவதால் எதுவும் ஆகிவிடாது. கோட்டுக்குத் திரும்ப அவசரப்படாமல் ஐந்து, பத்து பாகை கொடுத்து மெதுவாகச் சேரலாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட வாய்க்காலிலோ, தீவுகளுக்கிடையிலுள்ள ஆழங்குறைந்த நீரிலோ ஐம்பது மீற்றரும் அதிகம். அவ்வாறான இடங்களில் திரையைவிடக் கண்ணும் தாங்குதடியும் நம்பத்தக்கவை.

விலகல் எவ்வாறு சேர்கிறது என்பதற்கு மனத்தில் வைக்க எளிய கணக்கொன்று உண்டு: ஒரு பாகை பிழைத்தால் 60 கடல் மைலில் ஒரு கடல் மைல் விலகும். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் ஏறத்தாழ அந்தத் தொலைவுதான்.

புள்ளியைத் தெரிவு செய்து ‘கோ ரு’ கொடுத்தால் கருவியே கோடு கீறித் தருகிறது. வழித்தடம் என்று தனியாக எதற்குத் தயாரிக்க வேண்டும்?

‘கோ ரு’ கட்டளைக்கு நிலம், நீர் என்ற வேறுபாடு தெரியாது. காங்கேசன்துறைக்கு வெளியே நின்றுகொண்டு குருநகருக்குக் கோடு கேட்டால், அது தயங்காமல் வலிகாமத்தின் தோட்டங்களுக்கு ஊடாகக் கீறித் தரும். அதைப் பார்த்து எவரும் சிரித்துவிட்டு வேறு வழி பார்ப்பார்கள். ஆபத்து, கோடு தரையை வெட்டாமல் ஒரு மீற்றர் ஆழமுள்ள மணல் திட்டை வெட்டும்போதுதான். திரையில் அது நீல நிறத்தில் சற்று மாற்றமாக மட்டுமே தெரியும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. கோட்டை விட்டு விலகியபின் எக்ஸ்.ரி.ஈ. எண்ணைப் பார்க்கப் பிடிக்காமல் மீண்டும் ‘கோ ரு’ அழுத்துபவர்கள் உண்டு. எண் உடனே சுழியமாகிவிடும். கருவி செய்தது, இப்போது நிற்கும் இடத்திலிருந்து புதிய கோடொன்றைக் கீறியது மட்டுமே. பழைய கோட்டை நீங்கள் ஆழம் பார்த்துத் தெரிவு செய்திருந்தீர்கள். புதியதை எவரும் பார்க்கவில்லை.

ஆகவே, திருப்பங்கள் உள்ள எந்தப் பயணத்துக்கும் கரையில் இருக்கும்போதே ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு புள்ளி வைத்து வழித்தடமாகச் சேர்த்து, ஒவ்வொரு துண்டையும் பெரிதாக்கிப் பார்த்துச் சேமிக்க வேண்டும். புள்ளியை மிதவையின் மேலோ இறங்குதுறையின் மேலோ சரியாக வைக்காமல் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது. கருவி கொண்டுபோய்ச் சேர்க்கும் துல்லியத்தில், கவனமில்லாதவர் அதன் மேலேயே மோதிவிடுவார்.

கருவியில் எண்களைப் பதியும்போது பெரும்பாலும் எங்கே பிழை நேர்கிறது?

ஓர் இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் மூன்று விதமாக எழுதலாம்: பாகையும் தசமக் கலையும்; பாகை, கலை, விகலை மூன்றும்; தசமப் பாகை மட்டும். கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு, விகலை கலையின் அறுபதில் ஒரு பங்கு. கருவி ஒரு விதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு விதத்தில் எழுதப்பட்ட எண்ணைப் பதிந்தால், அது மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

1974 ஆம் ஆண்டு இலங்கை–இந்திய உடன்படிக்கை பாக்கு நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரையான கடல் எல்லையை ஆறு புள்ளிகளால் குறிக்கிறது. அவற்றுள் மூன்றாவது 9 பாகை 40.15 கலை வடக்கு, 79 பாகை 22.60 கலை கிழக்கு. இதை 40 கலை 15 விகலை என்று பதிந்தால் ஏறத்தாழ 185 மீற்றர் வடக்கே போகும். அது பொறுக்கக்கூடிய பிழை. ஆனால் 9.4015 என்றும் 79.2260 என்றும் தசமப் பாகையாகப் பதிந்தால் புள்ளி 16 கடல் மைல் தெற்கேயும் ஏறத்தாழ 9 கடல் மைல் மேற்கேயும் பாய்ந்து, பாம்பனுக்கு வடக்கே இந்தியக் கடலில் போய் நிற்கும். எண்கள் அதே எண்கள். திரையும் எந்த எச்சரிக்கையும் தராது. ஆகையால் ஒரு புள்ளியைப் பதிந்தவுடன், படகு நிற்கும் இடத்திலிருந்து அதன் தூரமும் திசையும் நீங்கள் அறிந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அகலாங்கின் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீற்றர் என்று கொள்ளப்படுகிறது. நெட்டாங்கின் ஒரு கலை யாழ்ப்பாணத்தின் அகலாங்கில் ஏறத்தாழ 1,830 மீற்றர். எனவே கலையின் மூன்றாவது தசமத்தில் ஓர் இலக்கம் பிழைத்தால் இரண்டு மீற்றருக்கும் குறைவு. முதலாவது தசமத்தில் பிழைத்தால் ஏறத்தாழ 180 மீற்றர்.

பழைய தாள் வரைபடங்களிலிருந்து எண்களை எடுப்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிபிஎஸ் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற அளவை ஆதாரத்தில், அதாவது அகலாங்கையும் நெட்டாங்கையும் எங்கிருந்து அளப்பது என்ற அடிப்படையில், இயங்குகிறது. முந்தைய வரைபடங்கள் வேறு ஆதாரங்களில் வரையப்பட்டவை. இரண்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மீற்றர் வேறுபாடு வரலாம். எந்த ஆதாரம் என்பது வரைபடத்தின் ஓரத்திலோ தலைப்புக்குக் கீழேயோ அச்சிடப்பட்டிருக்கும்.

எல்லைக்கோட்டைத் தாண்டாமல் இருக்கத் திரையை எவ்வாறு பயன்படுத்தலாம்?

எல்லையின் முதற்புள்ளி 10 பாகை 05 கலை வடக்கு, 80 பாகை 03 கலை கிழக்கு. இது மயிலிட்டிக்கு ஏறக்குறைய நேர் வடக்கே 16 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. இரண்டாவது 9 பாகை 57 கலை வடக்கு, 79 பாகை 35 கலை கிழக்கு. இவை இரண்டையும் சேர்க்கும் கோடு கிடையாக ஓடவில்லை. மேற்கே போகப் போகத் தெற்கே சாய்கிறது. மேலே சொன்ன மார்கழி இழுவையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். வலை விட்டுவிட்டு மிதக்கும் படகு மேற்கே தள்ளப்படும் ஒவ்வொரு கடல் மைலுக்கும் எல்லை கால் கடல் மைலுக்குச் சற்று அதிகமாகத் தெற்கே இறங்கி வருகிறது. இழுவையில் தெற்கு நோக்கிய பங்கு குறைவாக இருக்கும் இரவில், வடக்கே ஓர் அடியும் ஓடாமலேயே கோட்டை நெருங்கிவிடலாம்.

எல்லையின் மேலேயே கோடு கீறி வைப்பதைவிட, அதற்கு இரண்டு கடல் மைல் உள்ளே உங்களுக்கென ஒரு கோட்டைக் கீறி, அதற்கு எச்சரிக்கை ஒலி வைப்பது பயனுள்ளது. ஒலி எழும்பும்போது வலையை இழுக்கவும் திரும்பவும் நேரம் இருக்க வேண்டும். புள்ளிகளை நண்பரின் கருவியிலிருந்து அப்படியே பிரதி எடுக்காமல், கடற்றொழில் திணைக்களத்திலோ அதிகாரபூர்வ வரைபடத்திலோ சரிபார்த்துப் பதிவது நன்று.

திரை காட்டும் ஆழத்தை நம்பலாமா?

வரைபடத்தில் அச்சிட்ட ஆழம் வேறு, படகின் அடியிலுள்ள ஆழமானி அளக்கும் ஆழம் வேறு. முன்னது எப்போதோ ஒரு கப்பல் அளந்து சென்றது. சிறு படகுகள் மட்டும் ஓடும் ஆழங்குறைந்த நீரில் அளவைகள் பழையனவாகவும் புள்ளிகள் ஐதாகவும் இருப்பது உலகெங்கும் உள்ள நிலைமை; நமது களப்பும் தீவுப்பகுதியும் அதற்கு விலக்கல்ல. மணல் திட்டுகள் ஒரு பெருங்காற்றுக்குப் பிறகு இடம் மாறியிருக்கலாம். சிறகுவலைகளுக்கு நட்ட தடிகளும், அண்மைக் காலத்தில் பெருகியிருக்கும் கடலட்டைப் பண்ணைகளின் வேலிகளும் எந்த இலத்திரனியல் வரைபடத்திலும் இருக்கப் போவதில்லை.

பெரிதாக்கிப் பார்ப்பதில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. சிறிதாக்கி வைத்தால் திரை இடம் போதாமையால் சிறு பாறைகளையும் திட்டுகளையும் மறைத்துவிடும். 2014 நவம்பர் 29 அன்று, கேப் ரவுணிலிருந்து அபுதாபிக்கு நடந்த பாய்க்கப்பல் ஓட்டப் போட்டியில் வெஸ்ராஸ் விண்ட் என்ற படகு இந்து சமுத்திரத்தில் கார்காடோஸ் கராஜோஸ் என்ற பவளத்திட்டில் முழு வேகத்தில் ஏறியது. தேர்ந்த மாலுமிகள், சிறந்த கருவிகள். ஆனால் அந்தத் திட்டு தெளிவாகத் தெரியும் அளவுக்கு எவரும் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கவில்லை. மறுபக்கம், மிக அதிகமாகப் பெரிதாக்கினால் வரைபடத்தின் துல்லியம் கூடுவதில்லை. கோடுகள் மட்டும் பெரிதாகும். அளவைக்கு மீறிப் பெரிதாக்கிய நிலையைப் பல கருவிகள் ஒரு சிறு குறியால் தெரிவிக்கும். அந்தக் குறி தெரிந்தால் திரையில் படகுக்கும் திட்டுக்கும் இடையே காணும் இடைவெளியை நம்பக்கூடாது.

ஜிபிஎஸ் எவ்வளவு துல்லியமானது?

திறந்த வானத்தின் கீழ் சில மீற்றருக்குள். 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுப் பயன்பாட்டுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைப் புகுத்தி வைத்திருந்தது. அதனால் அக்காலத்துக் கருவிகள் நூறு மீற்றர்வரை பிழைத்தன. இன்று பிழை பெரும்பாலும் வரைபடத்தில் இருக்கிறது, செய்மதியில் அல்ல.

திசைகாட்டிக்கும் திரைக்கும் எண் ஒத்துவரவில்லை. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். காந்த ஊசி காந்த வடக்கைப் பார்க்கிறது. திரை, நீங்கள் அமைப்பதற்கேற்ப உண்மை வடக்கிலிருந்தோ காந்த வடக்கிலிருந்தோ கணக்கிடுகிறது. யாழ்ப்பாணத்தில் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 பாகை மேற்கு மட்டுமே என்பதால், இங்கு தொழில் செய்பவர்களுக்கு இது பெரிய தொல்லையல்ல. உண்மை வடக்குக்கு 014 என்றால் திசைகாட்டியில் 016 பிடிக்க வேண்டும். திரையைக் காந்த வடக்குக்கு அமைத்துவிட்டால் இந்தக் கூட்டலும் தேவையில்லை.

வேறுபாடு பத்து, பதினைந்து பாகையாக இருந்தால் காரணம் படகுக்குள்ளேயே இருக்கிறது. ஒலிபெருக்கி, கைபேசி, இரும்பு நங்கூரம், பற்றரி வயர்கள் போன்றவை ஊசியை இழுக்கும். திரையைத் திசைகாட்டிக்கு அருகே பொருத்தியிருந்தால் அதுவே காரணமாகலாம். அமைதியான கடலில், நீரோட்டம் இல்லாத வேளையில், நான்கு திசைகளிலும் சற்று விரைவாக ஓடிச் சி.ஓ.ஜி.யையும் திசைகாட்டியையும் குறித்து வைத்தால், எந்தத் திசையில் எவ்வளவு பிழைக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தத் தாளைத் திசைகாட்டிப் பெட்டியின் மூடியில் ஒட்டி வையுங்கள்.

நடுக்கடலில் கருவி நின்றுவிட்டால்?

முழுவதுமாக நின்றுவிட்டால் நல்லது, ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். நிற்காமலே பிழையாகக் காட்டுவதுதான் கொடியது. 1995 ஜூன் 10 அன்று றோயல் மஜெஸ்ரி என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பொஸ்ரனுக்குப் போகும் வழியில் நான்ரக்கெற் தீவுக்கு அருகே தரைதட்டியது. அதன் ஜிபிஎஸ் அன்ரெனாவின் வயர் புறப்பட்ட சற்று நேரத்திலேயே கழன்றிருந்தது. கருவி செய்மதியை இழந்ததும் வேகத்தையும் அணியத் திசையையும் கொண்டு இடத்தை ஊகித்துக் காட்டத் தொடங்கியது. அதைச் சொல்லும் சிறிய எழுத்துகள் திரையில் இருந்தும் எவரும் கவனிக்காததால், ஒன்றரை நாளில் கப்பல் 17 கடல் மைல் விலகிவிட்டது. ஊகக் கணக்குக்கு நீரோட்டம் தெரியாது.

நமது படகுகளில் வயரின் முனை உப்பில் பச்சை பிடிப்பதும், இயந்திரத்தை மின்விசையால் இயக்கும்போது 12 வோல்ற் பற்றரியின் அழுத்தம் ஒரு கணம் விழுந்து கருவி அணைந்து மீள எரிவதும் அடிக்கடி நடப்பவை. மீள எரிந்த கருவி, ஓடிக்கொண்டிருந்த வழித்தடத்தை மறந்திருக்கலாம். முடிந்தால் இயந்திரத்துக்கும் கருவிக்கும் வெவ்வேறு பற்றரி வையுங்கள். அன்ரெனாவைத் தகரக் கூரையின் கீழே வைக்காதீர்கள்.

புறப்படும் முன்னர், திரும்பி வரும் திசையையும் தூரத்தையும் ஒரு தாளில் எழுதிவைப்பதும், அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நேரத்தோடு இடத்தைக் குறிப்பதும் சற்றுச் சலிப்பான வேலைதான். ஆனால் திரை இருண்டபின் கையில் மிஞ்சுவது அந்தத் தாளும் திசைகாட்டியுமே. கரை நெருங்கியபின் பருத்தித்துறை வெளிச்சவீடும் காரைநகர்ப் பக்கத்துக் கோவளம் வெளிச்சவீடும் எந்தப் பற்றரியும் கேட்காமல் உதவும்.

கைபேசி போதாதா?

கரைக்கு அண்மையில், பகலில், வழி தெரிந்தவருக்கு அது துணையாக உதவும். தொலைபேசிச் சமிக்ஞை இல்லாத இடத்திலும் கைபேசியின் ஜிபிஎஸ் இயங்கும், ஆனால் முதல் இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கலாம். வழமையான தெருவரைபடச் செயலிகளில் கடல் முழுவதும் ஒரே நீலமாக இருக்கும். ஆழம் எதுவும் இல்லை. கடல் வரைபடச் செயலியை எடுத்து, வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். நனைந்த விரலுக்கும் தெறிக்கும் உப்புநீருக்கும் தொடுதிரை ஒழுங்காகப் பணிவதில்லை, மதிய வெயிலில் சூடேறிக் கைபேசி தானே அணைந்தும் விடும். அதை முதன்மைக் கருவியாகக் கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு நாள்தோறும் ஓடுகிறோம். இதற்கெல்லாம் திரை எதற்கு?

ஏறத்தாழ ஒரு மணித்தியால ஓட்டம், இரு கரையும் பழக்கம் என்பதால் பெரும்பாலான நாள்களில் தேவையே இராது. சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று கடுமையாக வீசும் நாளில், தென்மேற்கு நோக்கிய இந்தப் பயணத்தில் அலையை நேரே அணியத்தில் வாங்காமல் சற்றுச் சரித்து ஓட்டும்போதும், மழை திரையிட்டு இரு கரையும் மறையும்போதும் அதன் தேவை தெரியும். நல்ல பகலொன்றில், நல்ல ஆழத்தில் ஓடிய தடத்தைச் சேமித்து வைத்திருந்தால், அப்படியான நாளில் அதன் மேலேயே திரும்பி ஓடலாம். நீங்களே ஓடிப் பார்த்த தடம், எவரோ கீறிய எந்தக் கோட்டையும்விட நம்பத்தக்கது. சரித்து ஓட்டும்போது எக்ஸ்.ரி.ஈ. கூடுவது இயல்பு, எவ்வளவு கூடியபின் மறுபக்கம் சரிப்பது என்பதை முன்பே தீர்மானித்து வையுங்கள்.

இரவில் திரையின் ஒளி கண்ணைக் கூசச் செய்கிறது.

இரவு நிறத்துக்கு மாற்றி, ஒளியைக் கடைசி அளவுக்குக் குறையுங்கள். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். ஒளிமிக்க திரையை ஒருமுறை பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்து, விளக்கில்லாத வள்ளம் முன்னால் வந்தாலும் தெரியாது. வரைபடத்தை வடக்கு மேலாக வைப்பதா, ஓடும் திசை மேலாக வைப்பதா என்பது பழக்கத்தைப் பொறுத்தது. ஒடுங்கிய நீரில் ஓடும் திசை மேலாக இருந்தால் திரையில் வலம் காண்பது கடலிலும் வலமாக இருக்கும் என்பதால், களைத்த மனத்துக்கு அது எளிது.

தன்னியக்கச் சுக்கானை வழித்தடத்தோடு இணைக்கலாமா?

பெரிய படகுகளில் இணைக்கலாம். அது இழுவைக்கான திருத்தத்தையும் தானே செய்யும். ஆனால் ஒரு புள்ளியை அடைந்ததும் கேட்காமலே அடுத்த திசைக்குத் திரும்பும் வகையில் அமைக்காதீர்கள். திரும்பும் பக்கத்தில் வேறு படகு நிற்கிறதா என்பதைக் கருவி பார்க்காது. வலைகள் மிதக்கும் நீரில் அதை இயக்கவே வேண்டாம்.

ஆள் கடலில் விழுந்தால் அழுத்தும் பொத்தான் என்ன செய்கிறது?

எம்.ஓ.பி. என்ற அந்தப் பொத்தான், அழுத்திய கணத்தில் படகு இருந்த இடத்தைக் குறித்து, அங்கே திரும்பும் வழியைக் காட்டத் தொடங்கும். அழுத்துவது ஒருவர், விழுந்தவரை விட்டுக் கண்ணெடுக்காமல் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருப்பது இன்னொருவர் என்று புறப்படும் முன்னரே பிரித்துக்கொள்ள வேண்டும். குறித்த இடம் அசையாது. விழுந்தவரை நீரோட்டம் கொண்டுபோகும். 1.5 நொட் இழுவையில் பத்து நிமிடத்தில் அவர் அந்தக் குறியிலிருந்து ஏறத்தாழ 460 மீற்றர் தள்ளிப் போயிருப்பார். எனவே குறியை அடைந்தும் ஆளைக் காணாவிட்டால், அன்றைய இழுவை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே தேடத் தொடங்க வேண்டும். மிதக்கும் வலையின் முனையைக் குறித்து வைத்துவிட்டு விடியற்காலையில் தேடுபவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

அருகிலுள்ள கப்பல்கள் திரையில் தெரிகின்றன. வேறெதுவும் தெரியவில்லையென்றால் வழி வெறுமையாக இருப்பதாகக் கொள்ளலாமா?

கொள்ளக்கூடாது. திரையில் தெரிபவை, தம் இடத்தையும் வேகத்தையும் வானொலியலையில் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியைப் பொருத்தி, அதை இயக்கியும் வைத்திருக்கும் கலங்கள் மட்டுமே. கண்ணாடியிழைப் படகுகளிலும் வள்ளங்களிலும் கட்டுமரங்களிலும் பெரும்பாலும் அது இல்லை. இழுவை வலையோடு இரவில் வரும் ரோலர் எல்லாவற்றிலும் அது எரிந்துகொண்டிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. உங்கள் படகில் அக்கருவி இல்லையென்றால், நீங்களும் அடுத்தவரின் திரையில் இல்லை. ஆகவே சுக்கான் பிடிப்பவரைத் தவிர இன்னொருவரை அணியத்தில் இருத்துங்கள். ஆள் போதாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.